லாஃப்காடியோ ஹெர்ன் - ஒற்றைக் கண்ணால் பார்த்த ஜப்பான்

ஒரு நாட்டைப் பற்றி அந்த நாட்டுக்காரர் எழுதுவது ஒருவகை. வெளியிலிருந்து வந்து அங்கேயே தங்கிவிட்டவர் எழுதுவது இன்னொரு வகை. முன்னவர் தினமும் பார்த்துப் பழகிப்போன விஷயங்கள் பின்னவருக்குப் புதுமையாகத் தெரியும். அதேபோல முன்னவர் ஒருபோதும் செய்யாத தவறுகளைப் பின்னவர் செய்வார். ஜப்பானைப் பொறுத்தவரை இந்த இரண்டுக்கும் சேர்த்து ஓர் உதாரணம் சொல்ல வேண்டுமென்றால் லாஃப்காடியோ ஹெர்னைத்தான் சொல்ல வேண்டும். 1890 முதல் 1904 வரை பதினான்கு ஆண்டுகள் ஜப்பானில் வாழ்ந்த இவர், அந்நாட்டின் விளையாட்டு, செய்திகள், அன்றாட வாழ்க்கை என்று எதையும் விட்டுவைக்காமல் கருத்துச் சொன்னவர்.

யார் இந்த ஹெர்ன்?

1850ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் தேதி கிரேக்கத் தீவான லெஃப்கடாவில் பிறந்தார். அந்தத் தீவின் பெயரே லாஃப்காடியோ என்று அவருக்கு வைக்கப்பட்டது. தந்தை பிரிட்டிஷ் இராணுவத்தில் மருத்துவராக இருந்த அயர்லாந்துக்காரர். தாய் கிரேக்கப் பெண். இரண்டு வயதில் அயர்லாந்துத் தலைநகர் டப்ளினுக்குக் கொண்டுவரப்பட்டார். சில ஆண்டுகளில் பெற்றோர் பிரிந்துவிட, ஓர் உறவுக்காரப் பாட்டியிடம் வளர்ந்தார். பதினாறு வயதில் இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்தபோது பள்ளி மைதானத்தில் விளையாட்டின்போது அடிபட்டு இடது கண் பார்வை போனது. வலது கண்ணிலும் கடுமையான கிட்டப்பார்வை. வாழ்நாள் முழுவதும் காகிதத்தை முகத்தோடு ஒட்டிவைத்துத்தான் படித்தார், எழுதினார். அவருடைய புகைப்படங்களைப் பார்த்தால் பெரும்பாலும் இடது பக்கத்தை மறைத்தபடி தலையைத் திருப்பியே இருப்பார்.

பத்தொன்பது வயதில் கையில் காசில்லாமல் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டார். சின்சினாட்டி நகரில் பத்திரிகை நிருபரானார். கொலை வழக்குகளை எழுதிப் பெயர் வாங்கினார். கறுப்பினத் தாய்க்குப் பிறந்த பெண் ஒருவரை 1874ல் திருமணம் செய்துகொண்டார். ஓஹையோ மாநிலச் சட்டம் அப்போது அதை அனுமதிக்கவில்லை. அதனால் வேலையும் போனது. பிறகு பத்தாண்டுகள் நியூ ஆர்லியன்ஸ், இரண்டாண்டுகள் கரீபியன் தீவான மார்ட்டினிக். 1890 ஏப்ரலில் ஓர் அமெரிக்கப் பத்திரிகை நிறுவனத்துக்குக் கட்டுரை எழுதித் தருவதற்காக யோகஹாமா துறைமுகத்தில் வந்து இறங்கினார். கொஞ்ச நாளிலேயே அந்த நிறுவனத்தோடு சண்டை போட்டு ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டார். ஆனால் ஜப்பானை விட்டுப் போகவில்லை!

மட்சுவேயில் ஒரு விளையாட்டு விழா

பிழைப்புக்காக ஆங்கில ஆசிரியர் வேலை தேடினார். ஜப்பான் கடற்கரையோரம் இருந்த மட்சுவே என்ற சிறு நகரத்தில் மாதம் 100 யென் சம்பளத்தில் வேலை கிடைத்தது. 1890 ஆகஸ்டில் அங்கே போய்ச் சேர்ந்தார். அக்டோபரில் ஷிமானே மாவட்டப் பள்ளிகளின் ஆண்டு விளையாட்டு விழா பழைய கோட்டை வளாகத்தில் நடந்தது. ஹெர்ன் அதை விரிவாக எழுதியிருக்கிறார். சுற்றுவட்டாரப் பள்ளிகளிலிருந்து ஏறத்தாழ 6000 மாணவ மாணவிகள். இருவர் கால்களைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு ஓடும் ஓட்டம், பக்கத்துக்கு நூறு பேர் நின்று கயிறு இழுக்கும் போட்டி, ஓடிக்கொண்டே மூன்று நிறப் பந்துகளைப் பொறுக்கும் சிறுமிகளின் பந்தயம் என்று நம் ஊர்ப் பள்ளி விளையாட்டு விழாவை நினைவூட்டும் காட்சிகள்தான். கடைசியில் 6000 பேரும் ஒரே நேரத்தில் கைகளைத் தூக்கி இறக்கிய உடற்பயிற்சி அவரை மலைக்க வைத்தது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அப்போது ஜப்பானில் நவீனப் பள்ளிக் கல்வி தொடங்கி இருபது ஆண்டுகள்கூட முழுதாக ஆகவில்லை. கட்டாயக் கல்விக்கான முதல் ஆணை 1872ல்தான் வந்தது. பழைய கோட்டையில் சாமுராய்களுக்குப் பதிலாகப் பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். விளையாட்டின் பெயரால் ஒரு தேசமே ஒரே தாளத்தில் அசையக் கற்றுக்கொண்டிருந்தது. ஹெர்ன் அதன் அழகைப் பார்த்தார். அதன் இன்னொரு பக்கத்தைப் பார்க்க அவருக்குப் பல ஆண்டுகள் தேவைப்பட்டன.

ஜூடோ சொன்ன பாடம்

மட்சுவேயின் குளிர் தாங்காமல் 1891 நவம்பரில் தெற்கே குமமோட்டோ நகருக்கு மாறினார். இரட்டிப்புச் சம்பளம், 200 யென். அந்தக் கல்லூரியின் முதல்வர் யார் தெரியுமா? ஜிகோரோ கானோ. 1882ல் கோடோகன் பள்ளியைத் தொடங்கி ஜூடோவை உருவாக்கியவர். பின்னாளில், 1909ல், சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியில் இடம்பெற்ற முதல் ஆசியரும் அவரே.

கல்லூரிப் பயிற்சிக் கூடத்தில் மாணவர்கள் மல்லுக்கட்டுவதைப் பார்த்து ஹெர்ன் எழுதிய நீண்ட கட்டுரை 1895ல் புத்தகமாக வந்த தொகுப்பில் இருக்கிறது. ஜூடோவின் மூலக்கலையான ஜுஜுட்சுவைப் பற்றி மேற்கத்திய வாசகர்களுக்கு விளக்கிய ஆரம்பகாலக் கட்டுரைகளில் அதுவும் ஒன்று. இந்தக் கலையில் தேர்ந்தவன் தன் பலத்தை நம்புவதில்லை. எதிராளியின் பலத்தையே எதிராளிக்கு எதிராகத் திருப்பிவிடுகிறான். எதிராளி எவ்வளவு பலசாலியோ அவ்வளவுக்கு அவனுக்கே ஆபத்து. இதுதான் அவர் கண்ட சாரம்.

அதோடு அவர் நிறுத்தவில்லை. ஜப்பான் என்ற நாடே இந்தக் கலையைத்தான் ஆடிக்கொண்டிருக்கிறது என்றார். ஜப்பான் சீக்கிரமே மேற்கத்திய உடை, உணவு, மதம் எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டுவிடும் என்று அக்கால ஐரோப்பியர் பலர் நம்பினார்கள். நடந்தது வேறு. ரயில், தந்தி, தபால், நீராவிக் கப்பல், பீரங்கி, பல்கலைக்கழகம் என்று தனக்குப் பலம் தரும் விஷயங்களை மட்டும் ஜப்பான் எடுத்துக்கொண்டது. வீட்டுக்குள் பாய், கிமோனோ, முன்னோர் வழிபாடு எல்லாம் அப்படியே இருந்தன. மேற்கின் பலத்தை வைத்தே மேற்கைச் சமாளித்தது. அந்தப் புத்தகம் வெளியான அதே 1895ல் ஜப்பான் சீனாவை வென்றது. அதற்கு முந்தைய ஆண்டுதான் பிரிட்டன், தன் குடிமக்களை ஜப்பானிய நீதிமன்றங்கள் விசாரிக்கக் கூடாது என்ற சலுகையை விட்டுக்கொடுக்க ஒப்பந்தம் போட்டிருந்தது. ஒரு விளையாட்டை வைத்து ஒரு நாட்டின் அரசியலை விளக்கியதில் ஹெர்னின் கணிப்பு பெருமளவு சரியாகவே இருந்தது எனலாம்.

சிரிப்பின் பொருள்

அன்றாட வாழ்க்கை பற்றி அவர் எழுதியதில் புகழ்பெற்றது ஜப்பானியச் சிரிப்பு பற்றிய கட்டுரை. யோகஹாமாவில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணியின் வீட்டு வேலைக்காரி, கணவரின் இறுதிச் சடங்குக்குப் போய்விட்டு வந்து, அஸ்தி இருந்த கலசத்தைக் காட்டிச் சிரித்தாளாம். கல்நெஞ்சக்காரி என்று அந்தப் பெண்மணி அருவருப்படைந்தார். ஹெர்ன் வேறு விளக்கம் சொன்னார். என் துக்கத்தை உங்கள் மேல் சுமத்த மாட்டேன், நீங்கள் வருந்த வேண்டாம் என்பதே அந்தச் சிரிப்பின் பொருள். அது மகிழ்ச்சியும் அல்ல, பாசாங்கும் அல்ல; சிறுவயது முதல் பழக்கப்படுத்தப்பட்ட மரியாதை.

இதைப்போலவே மட்சுவேயில் விடியற்காலையில் நெல் குத்தும் உலக்கைச் சத்தம், காய்கறிக்காரர்களின் கூவல், உதயசூரியனைப் பார்த்துக் கைதட்டி வணங்கும் ஒலி, மரப்பாலத்தின் மேல் மரச்செருப்புகள் எழுப்பும் தாளம் என்று ஒரு நகரத்தையே காதால் கேட்டு எழுதினார். கூண்டில் விற்கப்பட்ட பாடும் பூச்சிகளைப் பற்றிக்கூடத் தனிக் கட்டுரை உண்டு. பார்வை குறைந்தவருக்குக் காது கூர்மையாக இருந்ததில் வியப்பில்லை.

செய்தியாளர் ஹெர்ன்

1894 அக்டோபரில் ஆசிரியர் வேலையை விட்டுவிட்டு கோபே நகரில் கோபே கிரானிக்கிள் என்ற ஆங்கிலப் பத்திரிகையில் சேர்ந்தார். சீனாவுடன் போர் நடந்துகொண்டிருந்த நேரம். சில மாதங்கள்தான் தலையங்கம் எழுதினார். கண் வீங்கிப்போய், இருட்டறையில் ஓய்வெடுக்கும்படி மருத்துவர் சொல்ல, 1895 தொடக்கத்தில் வேலையை விட்டார்.

இங்கேதான் அவருடைய பலவீனமும் தெரிகிறது. ஜப்பானியப் பத்திரிகைகளைத் தானாகப் படிக்கும் அளவுக்கு அவருக்கு ஜப்பானிய எழுத்துத் தெரியாது. மாணவர்களும் நண்பர்களும் மனைவி செட்சுவும் சொல்லக் கேட்டே எழுதினார். 1891 மே மாதம் ஓட்சு நகரில் ரஷ்ய இளவரசர் நிக்கோலஸை ஒரு ஜப்பானியப் போலீஸ்காரரே வாளால் வெட்டிக் காயப்படுத்தினார். நாட்டுக்கு நேர்ந்த அவமானத்தைத் துடைக்க யூகோ ஹட்டகேயாமா என்ற சாதாரணப் பெண் கியோட்டோ அரசு அலுவலகத்தின் முன் உயிரை மாய்த்துக்கொண்டார். ஹெர்ன் அந்தப் பெண்ணைத் தெய்வத்துக்கு நிகராகப் போற்றி எழுதினார். அதே வழக்கில், குற்றவாளிக்கு மரண தண்டனை கொடுத்தே ஆகவேண்டும் என்ற அரசாங்கத்தின் நெருக்குதலுக்குப் பணியாமல், சட்டப்படி ஆயுள் தண்டனைதான் என்று தலைமை நீதிபதி கோஜிமா உறுதியாக நின்றார். இன்று ஜப்பானியர் அதிகம் நினைவுகூர்வது அந்த நீதிபதியைத்தான். பலிகொடுப்பதில் அழகைக் கண்ட ஹெர்னின் பார்வை இங்கே நம்மைச் சங்கடப்படுத்துகிறது.

சுனாமி

1896 ஜூன் 15ஆம் தேதி வடகிழக்கு ஜப்பானின் சன்ரிகு கரையைப் பேரலை தாக்கி ஏறத்தாழ 22,000 பேர் இறந்தார்கள். அந்தச் செய்தியின் பாதிப்பில் ஹெர்ன் எழுதிய கதைக் கட்டுரை அடுத்த ஆண்டு புத்தகத்தில் வந்தது. சுனாமி என்ற சொல் ஆங்கிலத்தில் அச்சேறிய ஆரம்ப இடங்களில் அதுவும் ஒன்று. குன்றின் மேல் வசிக்கும் ஒரு முதியவர் கடல் உள்வாங்குவதைப் பார்க்கிறார். கீழே இருப்பவர்களைக் கூப்பிட நேரமில்லை. அறுவடை செய்த தன் நெற்போர்களுக்குத் தீ வைக்கிறார். தீயணைக்க ஓடிவந்த ஊரார் உயிர் பிழைக்கிறார்கள்.

உண்மை நிகழ்ச்சி சற்று வேறு. அது நடந்தது 1854 டிசம்பரில், இன்றைய வாகயாமா மாகாணத்தின் ஹிரோ கிராமத்தில். கோர்யோ ஹமாகுச்சி அப்போது முதியவர் அல்ல, 34 வயதுக்காரர். சோயா சாஸ் தயாரிக்கும் குடும்பத்தைச் சேர்ந்தவர். இருட்டில் திசை தெரியாமல் தவித்தவர்களுக்கு வழிகாட்டவே போர்களைக் கொளுத்தினார். அதைவிடப் பெரிய வேலையை அவர் பிறகு செய்தார். வாழ்விழந்த ஊராருக்குக் கூலி கொடுத்து, சுமார் 600 மீட்டர் நீளத்துக்குக் கடற்கரையில் கரை கட்டினார். 1946ல் மீண்டும் சுனாமி வந்தபோது ஊரின் பெரும்பகுதியை அந்தக் கரை காப்பாற்றியது. ஹெர்ன் கதையில் கரை இல்லை, தீ மட்டுமே இருக்கிறது.

ஆனாலும் ஹெர்னின் கதையை வைத்துத்தான் ஓர் ஆசிரியர் பாடம் எழுதினார். 1937 முதல் பத்தாண்டுகள் ஜப்பானியப் பிள்ளைகள் அதைப் பள்ளியில் படித்தார்கள். 2015ல் ஐக்கிய நாடுகள் சபை நவம்பர் 5ஐ உலக சுனாமி விழிப்புணர்வு நாளாக அறிவித்ததும் அந்த நிகழ்ச்சியை வைத்தே. கடல்கோள் என்ற பழஞ்சொல்லைக் கொண்ட தமிழுக்குச் சுனாமி என்ற சொல் வீட்டுச் சொல்லானது 2004 டிசம்பர் 26ஆம் தேதிதான். கடல் உள்வாங்கியதை வேடிக்கை பார்க்கக் கரையில் இறங்கி நின்றவர்களும் அன்று உண்டு. அந்த ஒரு பாடம் இங்கேயும் பாடப்புத்தகத்தில் இருந்திருந்தால்... என்று நினைக்காமல் இருக்க முடியாது.

யாகுமோ கொய்சுமி

1896ல் ஹெர்ன் ஜப்பானியக் குடிமகனாகி, மனைவியின் குடும்பப் பெயரை ஏற்று யாகுமோ கொய்சுமி ஆனார். இதற்கு நாட்டுப்பற்று மட்டும் காரணமல்ல. அவர் பிரிட்டிஷ் குடிமகனாகவே இருந்து திருமணத்தைப் பதிவு செய்தால் செட்சு ஜப்பானியக் குடியுரிமையை இழப்பார். பதிவு செய்யாவிட்டால் மனைவிக்கும் மகனுக்கும் அவர் சொத்தில் உரிமை இருக்காது. பெற்றோர் பிரிவால் அநாதையைப் போல வளர்ந்தவர், தன் பிள்ளைக்கு அந்த நிலை வரக்கூடாது என்று நினைத்திருக்க வேண்டும்.

அதே ஆண்டு டோக்கியோ பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் கற்பிக்க மாதம் 400 யென் சம்பளத்தில் அழைக்கப்பட்டார். ஆனால் 1903ல் அவர் ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. வெளிநாட்டில் படித்துத் திரும்பிய ஜப்பானியரை நியமிக்கும் காலம் வந்துவிட்டது. அவருடைய இடத்துக்கு வந்தவர்களில் ஒருவர், பின்னாளில் பெரும் நாவலாசிரியரான சொசெகி நட்சுமே. மாணவர்கள் ஹெர்னுக்காகப் போராடினார்கள். குறைந்த நேர வேலை தருவதாகப் பல்கலைக்கழகம் இறங்கிவந்தது. அவர் மறுத்துவிட்டார். மேற்கிடமிருந்து கற்றுக்கொண்டு மேற்கத்தியரை விலக்குவது ஜப்பானின் ஜுஜுட்சு என்று எழுதியவர், கடைசியில் அந்தப் பிடியில் தானே விழுந்தார்.

1904 செப்டம்பர் 26ஆம் தேதி 54 வயதில் மாரடைப்பால் இறந்தார். அந்த ஆண்டு வெளிவந்த அவருடைய கடைசிப் பெரிய நூலில் பழைய மயக்கம் குறைந்திருந்தது. ஜப்பானியத் தனிமனிதன் மேலிருப்பவர், சமமானவர், கீழிருப்பவர் என்று மூன்று பக்கத்திலிருந்தும் அழுத்தப்படுகிறான் என்று எழுதினார். 1890ல் அவரை மலைக்கவைத்த அந்த 6000 ஜோடிக் கைகளின் இன்னொரு பக்கம் அது.

ஹெர்னின் நண்பராக இருந்த அறிஞர் சேம்பர்லின், பிற்காலத்தில், ஹெர்ன் சிறு விவரங்களைத் துல்லியமாகப் பார்த்தார், முழுமையைப் பார்க்கவில்லை என்று விமர்சித்தார். அதில் உண்மை உண்டு. ஆனால் அதே ஊரில் துறைமுகக் குடியிருப்புகளில் பல ஆண்டுகள் வாழ்ந்த வெள்ளைக்காரர் பலர் வேலைக்காரியின் சிரிப்பைக்கூடப் புரிந்துகொள்ளவில்லை. அதைப் பார்த்தவர் ஒற்றைக் கண்காரர்தான்.