உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்): வீட்டிலிருந்து தொடங்கிய சீர்திருத்தம்

ரமளான் பயான்களில் ஆண்டுதோறும் தவறாமல் வரும் சம்பவம் ஒன்று உண்டு. கலீஃபா உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்கள் இரவில் அரசு வேலை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வந்தவர் சொந்த விஷயம் பேசத் தொடங்கியதும், பைத்துல்மால் எண்ணெயில் எரிந்த விளக்கை அணைத்துவிட்டுத் தம் சொந்த விளக்கை ஏற்றுகிறார்கள். கேட்பவர்கள் 'ஸுப்ஹானல்லாஹ்' என்பார்கள். பயான் அடுத்த தலைப்புக்குப் போய்விடும். நானும் அப்படிப் பேசியவன்தான். ஆனால் அந்த விளக்கைவிடப் பெரிய செய்திகள் அவர்களின் ஏறக்குறைய இரண்டரை ஆண்டு ஆட்சியில் இருக்கின்றன. அவர்களின் எளிமை உடையோடும் உணவோடும் நிற்கவில்லை; சொத்தைத் தொட்டது. அதுவும் முதலில் சொந்தக் குடும்பத்தின் சொத்தை.

அவர்கள் எளிமையில் வளர்ந்தவர்கள் அல்லர். தந்தை அப்துல் அஸீஸ் பின் மர்வான் எகிப்தின் ஆளுநர். பெரிய தந்தை அப்துல் மலிக், கலீஃபா. அவருடைய மகள் ஃபாத்திமாவே உமரின் மனைவி. தாய்வழியில் மட்டும் இரண்டாம் கலீஃபா உமர் (ரலி) அவர்களின் வம்சம். இளமையில் அவர்கள் பூசிய நறுமணத்தை வைத்தே அவர்கள் எந்தத் தெரு வழியாகப் போனார்கள் என்று சொல்லிவிடலாமாம். அவர்களின் ஒய்யார நடைக்கு 'உமரிய்யா' என்று பெயரே இருந்தது. மதீனாவில் ஸாலிஹ் பின் கைஸான் போன்ற ஆலிம்களிடம் பாடம் கேட்டார்கள். பின்னர் ஹிஜ்ரி 87இல் (கி.பி. 706) அதே நகரின் ஆளுநராகி, பத்து ஃபகீஹ்களை அழைத்து, அவர்களின் ஆலோசனையின்றி முடிவெடுப்பதில்லை என்று ஏற்றுக்கொண்டார்கள்.

அந்தப் பதவிக் காலத்தில்தான் பயான்களில் நாம் அதிகம் சொல்லாத ஒரு சம்பவமும் நடந்தது. அப்துல்லாஹ் பின் ஸுபைர் (ரலி) அவர்களின் மகன் குபைபைக் கசையால் அடிக்கும்படி கலீஃபா வலீதிடமிருந்து உத்தரவு வந்தது. ஆளுநர் உமர் அதை நிறைவேற்றினார்கள். குளிர்காலத்தில் அவர்மீது குளிர்ந்த நீரும் ஊற்றப்பட்டது. குபைப் இறந்துவிட்டார். பின்னாளில் யாராவது அவர்களின் நற்செயலைப் புகழ்ந்தால், 'குபைபுக்கு என்ன பதில் சொல்வேன்?' என்று கலங்குவார்கள் என வரலாற்று ஆசிரியர்கள் எழுதுகிறார்கள். அவர்களின் மனமாற்றத்துக்குப் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. என் பார்வையில் இந்தக் குற்ற உணர்வை விட்டுவிட்டு அந்த மாற்றத்தைப் புரிந்துகொள்ள முடியாது.

ஹிஜ்ரி 99இல் (கி.பி. 717) தாபிக்கில் கலீஃபா ஸுலைமான் மரணப்படுக்கையில் இருந்தபோது, ரஜா பின் ஹைவா அவர்களின் ஆலோசனைப்படி உமரின் பெயர் மரண சாசனத்தில் எழுதி முத்திரையிடப்பட்டது. அடுத்தவர் அப்துல் மலிக்கின் மகன் யஸீத் என்பதும் அதே சாசனத்தில் இருந்தது. பதவியேற்றதும் கலீஃபாவுக்குரிய அலங்கரித்த குதிரைகளைக் கொண்டுவந்தார்கள். அவற்றை பைத்துல்மாலுக்கு அனுப்பிவிட்டுத் தம் கோவேறு கழுதையிலேயே ஏறிச் சென்றார்கள்.

கடினமான வேலை அடுத்துத்தான் வந்தது. உமையா குடும்பத்தார் கலீஃபாக்களிடமிருந்து மானியமாகப் பெற்ற நிலங்களில் பல, பொதுமக்களுக்கோ பைத்துல்மாலுக்கோ உரியவை. அவற்றை உரியவரிடம் திருப்பிக் கொடுப்பதை 'ரத்துல் மளாலிம்' என்பார்கள். உமர் தம் பெயரில் இருந்த சாசனங்களைப் பள்ளிவாசலில் ஒவ்வொன்றாகப் படிக்கச் செய்து கிழித்தார்கள். தம் கைக்கு வந்திருந்த ஃபதக் தோட்டத்தையும் நபி (ஸல்) அவர்கள் காலத்தில் இருந்த நிலைக்கே திருப்பினார்கள். மனைவிக்கு அவருடைய தந்தை கொடுத்த நகைகளைக் குறித்து, 'ஒன்று இவற்றை பைத்துல்மாலில் சேர்த்துவிடு, அல்லது என்னைப் பிரிந்துவிடு' என்றார்கள். ஃபாத்திமா நகைகளைக் கழற்றிக் கொடுத்தார். அதன் பிறகே உறவினர்களின் சொத்துக்குக் கணக்குக் கேட்டார்கள். கோபமடைந்த பனூ மர்வான் குடும்பத்தார் அவர்களின் அத்தையைத் தூது அனுப்பியும் பலன் இல்லை. வக்ஃப் கடையைப் பழைய வாடகைக்கே அனுபவித்துக்கொண்டு எளிமை பற்றிப் பேசும் நமக்கு இந்த வரிசை முக்கியம்.

சமூகத்தின் மீதான தாக்கம் வரியில் தெரிந்தது. குராஸான் போன்ற பகுதிகளில் இஸ்லாத்தை ஏற்ற பிறகும் மக்களிடம் ஜிஸ்யா வாங்கப்பட்டது. நிறுத்தினால் வருவாய் குறையும் என்பது அதிகாரிகளின் கவலை. உமர் நிறுத்தச் சொன்னார்கள். மக்கள் கூட்டமாக இஸ்லாத்துக்கு வரவே, ஆளுநர் ஜர்ராஹ் அவர்களைக் கத்னா செய்து சோதிக்கலாமா என்று கேட்டார். நபியவர்கள் அழைப்பாளராக அனுப்பப்பட்டார்களே தவிர கத்னா செய்பவராக அல்ல என்ற கருத்தில் பதில் போனது. பின்னர் அவர் பதவியிலிருந்தும் நீக்கப்பட்டார்.

மிம்பர்களில் அலீ (ரலி) அவர்களை ஏசும் வழக்கத்தையும் நிறுத்தினார்கள். அந்த இடத்தில் நீதியையும் நன்மையையும் உறவினருக்கு ஈவதையும் ஏவும் அந்நஹ்ல் அத்தியாயத்தின் 90ஆம் வசனத்தை ஓதச் சொன்னார்கள் என்பது பிரபலமான அறிவிப்பு. நம் ஊர்ப் பள்ளிகளில் ஜும்ஆவின் இரண்டாம் குத்பா முடிவில் இமாம் ஓதுவது அதே வசனம்தான்.

ஹிஜ்ரி 101 ரஜபில் (கி.பி. 720), நாற்பதை ஒட்டிய வயதில், சிரியாவின் தைர் ஸம்ஆனில் அவர்கள் மறைந்தார்கள். விஷம் கொடுக்கப்பட்டது என்ற அறிவிப்பும் உண்டு. ஸுலைமானின் சாசனப்படி யஸீத் கலீஃபாவானார். சீர்திருத்தங்களில் பல கைவிடப்பட்டன. ஆப்பிரிக்காவில் அவர் நியமித்த ஆளுநர் யஸீத் பின் அபீ முஸ்லிம், புதிய முஸ்லிம்களிடம் மீண்டும் ஜிஸ்யா வாங்க முனைந்து, அங்குள்ளவர்களாலேயே கொல்லப்பட்டார்.

புதிய கலீஃபா யஸீத், ஃபாத்திமாவின் உடன்பிறந்தவர். பைத்துல்மாலில் இருந்த நகைகளைத் திருப்பித் தருவதாகச் சொன்னார். கணவர் உயிரோடு இருந்தபோது மனமுவந்து கொடுத்ததை அவர் இறந்த பிறகு வாங்கமாட்டேன் என்று ஃபாத்திமா மறுத்துவிட்டார். யஸீத் அவற்றைத் தம் குடும்பத்தாருக்கே பங்கிட்டுக் கொடுத்தார்.