பாட்டில் விட்ட பெயர்

நடுவர் அவர்களே! எதிரணி நண்பர் மேசையைத் தட்டிச் சொன்னார், "வரலாறு ஜெயிச்சவனுக்கே சொந்தம்!" என்று. ஐயா, நான் தஞ்சாவூர்க்காரன். எங்க ஊர்ல நெல்லு மட்டுமில்லே, பங்காளித் தகராறும் முப்போகம் விளையும்! (சிரிப்பு)

ராஜராஜனைத் தெரியும், ராஜேந்திரனைத் தெரியும். அதிராஜேந்திரனைத் தெரியுமா? ராஜேந்திரனின் பிள்ளைகள் மூன்று பேர் ஒருவர்பின் ஒருவராக ஆண்டார்கள். மூன்றாமவன் வீரராஜேந்திரன் 1070-இல் இறந்தான். அவன் மகன்தான் இந்த அதிராஜேந்திரன். அப்பா இருக்கும்போதே இளவரசுப் பட்டம். தனியாக ஆண்டதோ சில மாதம். நம்ம கணக்குல ஒரு சம்பாப் போகம்!

நாட்டில் கலகம். அவன் உடன்பிறந்தாளைக் கட்டியவன் சாளுக்கிய விக்கிரமாதித்தன். காஞ்சிக்குப் படையோடு வந்தான், கலகத்தை அடக்கினான், கங்கைகொண்ட சோழபுரத்தில் மச்சானை அரியணையில் உட்காரவைத்துவிட்டுத் துங்கபத்திரைக்குத் திரும்பினான். கொஞ்ச நாளில் சேதி வருகிறது: மறுபடி கலகம், மச்சான் கொலை, அரியணையில் வேங்கியிலிருந்து வந்த ராஜிகன்! இப்படி எழுதியவர் விக்கிரமாதித்தனின் அவைப்புலவர் பில்கணர்.

அந்த ராஜிகன்தான் முதலாம் குலோத்துங்கன். அவன் அந்நியன் இல்லே. ராஜேந்திரன் மகள் அம்மங்கையின் பிள்ளை. மகன் வழிப் பேரன் போனான், மகள் வழிப் பேரன் வந்தான். ஐம்பது ஆண்டு ஆண்டான்; சுங்கம் தவிர்த்தான். நல்ல ராஜாதான். கொலைப் பழியை அவன் தலையில் நான் போடமாட்டேன். பில்கணர் எதிர்வீட்டுப் புலவர், ஐயா!

ஆனால் குலோத்துங்கனைப் பாடிய செயங்கொண்டார் என்ன செய்தார்? கலிங்கத்துப்பரணியில் வீரராஜேந்திரன் இறந்தான், நாடு சீர்கெட்டது, குலோத்துங்கன் வந்து காத்தான் என்று முடித்துவிட்டார். நடுவிலே ஒருத்தன் முடிசூடினானே, அவன் பேரு? காணோம்!

நம்ம வீட்டிலும் இதுதானே நடக்குது? பாகப்பிரிவினையில் தோற்ற சித்தப்பா பேரைக் கல்யாணப் பத்திரிகையில் விட்டுடுறோம். அவர் பிள்ளைகள் அந்தப் பத்திரிகையை எத்தனை தரம் புரட்டிப் பார்க்கும்! (கைதட்டல்)

பாட்டில் விட்டார்கள், கல்லில் விடவில்லை. மூன்றாம் ஆட்சியாண்டோடு நின்றுபோன அவன் கல்வெட்டுகள் இன்றும் இருக்கின்றன. தோற்றவனுக்கும் வரலாற்றில் பங்கு உண்டு என்று தீர்ப்புச் சொல்லுங்கள். வீட்டுக்குப் போனதும் அந்தச் சித்தப்பாவுக்கும் ஒரு பத்திரிகை வையுங்கள்.