களக்காடு–முண்டந்துறை வனப் பணியாளர்கள்

தாமிரபரணியும் அதன் துணையாறுகளான சேர்வலாறு, மணிமுத்தாறு, பச்சையாறு முதலியனவும் பிறக்கும் பொதிகை மலைக் காடுகளைக் காத்துவரும் வனத்துறை ஊழியர்கள். இக்காடுகள் சட்டப்படி தேசியப் பூங்கா அல்ல; இரண்டு சரணாலயங்களை இணைத்து உருவான புலிகள் காப்பகம். வேலையில் அதனால் பெரிய வேறுபாடு இல்லை. கள இயக்குநரில் தொடங்கி துணை இயக்குநர், வனச்சரகர், வனவர், வனக்காப்பாளர், வனக்காவலர், வேட்டைத் தடுப்புக் காவலர் என்று இறங்கும் படிநிலை இது. மலையடிவார ஊர்க்காரர்களுக்கு ரேஞ்சர், கார்டு, வாட்சர் என்ற மூன்று பேரைத் தெரிந்தால் போதும்.

சென்னை மாகாணத்தில் வனத்துறை 1856-இல் தோன்றியது. முதல் வனப் பாதுகாவலர் ஹியூ கிளெக்ஹார்ன் மருத்துவர். அவருக்குப் பின் பொறுப்பேற்ற ரிச்சர்ட் ஹென்றி பெட்டோம் படை அதிகாரி. இருவருக்கும் தாவரங்களில் நாட்டம். பெட்டோம் திருநெல்வேலி மலைகளில் அலைந்து பெரணிகளையும், மண்ணுக்குள் வாழும் கேடயவால் பாம்புகளையும் சேகரித்தார். அவர் பெயரைத் தாங்கிய உயிரினங்கள் இன்றும் பல உண்டு. இந்த இருவரையும் வைத்து அக்கால வனத்துறையை ஓர் அறிவியல் கழகமாகக் கற்பனை செய்துவிடக் கூடாது. கப்பலுக்கும் ரயில் பாதைக்கும் மரம் தேவைப்பட்டது; அந்த மரத்தைக் கணக்காகத் தர ஒரு துறை தேவைப்பட்டது.

இந்திய வனத்துறையின் தலைமை அதிகாரி டீட்ரிச் பிராண்டிஸ் 1881 முதல் 1883 வரை மாகாணத்துக்கு வந்து துறையைச் சீரமைக்க ஆலோசனை கூறினார். 1882-இல் சென்னை வனச் சட்டம் வந்தது. அதுவரை மேய்ச்சலுக்கும் விறகுக்கும் தழையுரத்துக்கும் ஊரார் போய்வந்த காட்டுக்கு எல்லைக்கல் நடப்பட்டது. உள்ளே போக அனுமதிச் சீட்டு, மாட்டுக்குத் தலைக்கு இவ்வளவு என்று கட்டணம். அன்றைய வனக்காவலரின் வேலை விலங்கைக் காப்பதல்ல, மரத்தை மனிதனிடமிருந்து காப்பது. விறகுக் கட்டை இறக்கச் சொல்லி அரிவாளைப் பிடுங்கிக்கொள்ளும் கார்டின் உருவம் மலையடிவார ஊர்களின் நினைவில் பதிந்தது இப்படித்தான்.

இங்கே ஒரு பக்கச் செய்தி. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் திருநெல்வேலி ஆட்சியர் ஆஷைச் சுட்ட செங்கோட்டை வாஞ்சிநாதன், மலைக்கு அந்தப் பக்கம் புனலூரில் திருவிதாங்கூர் வனத்துறையில் வேலை பார்த்தவர். சிலையும் ரயில் நிலையப் பெயரும் அவர் நினைவைச் சொல்கின்றன. அவர் பார்த்த உத்தியோகம் யார் நினைவுக்கும் சட்டென்று வருவதில்லை.

பயிற்சி மேலிருந்து கீழாகத்தான் வந்தது. டேராடூனில் வனப்பள்ளி 1878-இல் தொடங்கியது. ரேஞ்சர்களுக்காகக் கோயம்புத்தூரில் சென்னை வனக் கல்லூரி 1912-இல் வந்தது. கார்டும் வாட்சரும் நெடுங்காலம் மூத்தவர் பின்னால் நடந்தே தொழில் கற்றார்கள். இன்று வனவர்களுக்கும் வனக்காப்பாளர்களுக்கும் வைகை அணையில் பயிற்சிக் கல்லூரி இருக்கிறது. பணிக்கான தேர்வில் எழுத்துத் தாளோடு நடைத் தேர்வும் உண்டு: ஆண்கள் 25 கிலோமீட்டரையும் பெண்கள் 16 கிலோமீட்டரையும் 4 மணி நேரத்தில் நடந்து முடிக்க வேண்டும். மலைச்சரிவில் நடப்பதற்கும் இதற்கும் தொடர்பு கொஞ்சம்தான் என்றாலும், காலில்லாமல் இந்த உத்தியோகம் இல்லை என்பதை முதல் நாளே சொல்லிவிடுகிற தேர்வு அது.

மலையின் ஒரு பெரும்பகுதி சிங்கம்பட்டி ஜமீனிடம் இருந்தது. ஜமீன் 1929-இல் 8,373 ஏக்கரை 99 ஆண்டுக் குத்தகைக்குப் பம்பாய் பர்மா வர்த்தக நிறுவனத்துக்கு விட்டது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று தேயிலைத் தோட்டங்களும் தொழிலாளர்களுக்கான லயன் வீடுகளும் உருவாயின. 1952-இல் ஜமீன் அரசிடம் போயிற்று, குத்தகை மட்டும் தொடர்ந்தது. இதற்கிடையே பாபநாசம் மேலணையும் நீர்மின் நிலையமும் 1940-களில் வந்துவிட்டன. மணிமுத்தாறு அணை 1950-களில். நடுக்காட்டில் ஒரு தேயிலைக் கம்பெனி, ஓரத்தில் மின்வாரியக் குடியிருப்பு, இரண்டுக்கும் போகிற பேருந்து. இவற்றுக்கு நடுவே காவல் காக்கும் நிலை வேறு காடுகளின் ஊழியர்களுக்கு அவ்வளவாக வாய்க்காதது.

முண்டந்துறை 1962-இல் புலிக்கான சரணாலயம் ஆனது. நாடு தழுவிய புலிகள் பாதுகாப்புத் திட்டம் வருவதற்கு 11 ஆண்டுகள் முன்பே! களக்காட்டுக்குக் காரணம் சோலைமந்தி. 1970-களின் முற்பாதியில் ஸ்டீவன் கிரீன், கேரன் மின்கோவ்ஸ்கி என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் இந்த மலைகளில் தங்கி அந்தக் குரங்கைப் பற்றி ஆராய்ந்தார்கள். 1976-இல் களக்காடு சரணாலயமானது. இரண்டும் 1988-இல் இணைந்து தமிழகத்தின் முதல் புலிகள் காப்பகமாக, நாட்டின் 17-வதாக, ஆயின. மரத்தை எண்ணிக்கொண்டிருந்த கை விலங்கை எண்ணத் தொடங்கிய கதை இது.

அந்த எண்ணிக்கை வேலையைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். முதலில் காலடித் தடம். காட்டுப் பாதையில் நுண்மணலைப் பரப்பிவிட்டு வருவார்கள்; மறுநாள் அதில் புலி நடந்திருந்தால் கண்ணாடியை மேலே வைத்துத் தடத்தை வரைவார்கள், அல்லது பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்றி அச்சு எடுப்பார்கள். அச்சைப் பார்த்து இது ஆண், இது பெண், இது போன வருடம் வந்த அதே புலி என்று அனுபவசாலிகள் சொன்னார்கள். ராஜஸ்தானின் சரிஸ்காவில் தாளில் மட்டும் புலிகள் இருந்தது 2005-இல் அம்பலமானபின் அந்த முறை கைவிடப்பட்டது. இப்போது தானியங்கிக் கேமராக்களைப் பாதையின் இருபுறமும் எதிரெதிரே கட்டுகிறார்கள். புலியின் இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் வேறு என்பதால் இரண்டு படமும் வேண்டும். கேமராவைத் தோளில் சுமந்துபோய் மரத்தில் கட்டுவதும், யானை பிடுங்கிப்போட்டதைத் தேடி எடுப்பதும் வேட்டைத் தடுப்புக் காவலரின் வேலை. ரோந்து போன தடம் கைப்பேசிச் செயலியில் பதிவாகிறது. போகாமல் போனதாக எழுதிவைப்பது முன்போல எளிதில்லை.

காப்பகத்தின் வரலாற்றில் 1995 ஒரு திருப்பம். உலக வங்கி உதவியோடு இங்கும் இமாசலப் பிரதேசத்தின் பெரிய இமாலய தேசியப் பூங்காவிலும் சூழல் மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியது. அடிவார ஊர்களில் கிராம வனக்குழுக்கள் அமைந்தன. விறகு வெட்டப் போனவர்களுக்குக் கடன், சாண எரிவாயு, மாற்றுத் தொழில். நேற்றுவரை துரத்திய கார்டு இன்று குழுக் கூட்டத்துக்குப் பாய் விரித்தார். எல்லா ஊரிலும் இது ஒரே மாதிரி பலிக்கவில்லை என்றாலும், விறகுக்காக மலையேறும் கூட்டம் குறைந்தது. ஊருக்கும் துறைக்கும் பேச்சுவார்த்தை என்ற ஒன்று ஏற்பட்டது. என் கணிப்பில் துப்பாக்கியும் ஜீப்பும் தராத பாதுகாப்பை இந்தக் குழுக்கள் தந்தன.

ரேஞ்சர் மாறுதலாகிப் போவார், வாட்சர் போகமாட்டார். வாட்சர்களில் பலர் இந்த மலையின் காணிப் பழங்குடியினர். இஞ்சிக்குழி, மயிலாறு போன்ற காணிக் குடியிருப்புகளில் பிறந்து, தேனும் கிழங்கும் தேடி நடந்த வழிகளிலேயே ரோந்து போகிறார்கள். எந்த ஓடை எப்போது பெருகும், எந்தச் சரிவில் யானை நிற்கும் என்பதைப் பயிற்சிக் கல்லூரியில் கற்க முடியாது. ஆனால் படிநிலையின் கடைசிப் படியில், தொகுப்பூதியத்தில் நிற்பவர்களும் இவர்களே. பணி நிரந்தரம் கேட்டு மாநிலம் முழுவதும் வேட்டைத் தடுப்புக் காவலர்கள் நெடுங்காலமாக மனுக் கொடுத்து வருகிறார்கள்.

முகாம் என்பது பெரும்பாலும் ஓர் அறைக் கட்டடம். யானை வராதபடி சுற்றி அகழி. கூரையில் சூரியத் தகடு. அரிசி, பருப்பு, வயர்லெஸ் கருவி. முறைவைத்துத் தங்குவார்கள், குடும்பம் கீழே விக்கிரமசிங்கபுரத்திலோ களக்காட்டிலோ இருக்கும். வடகிழக்குப் பருவத்தில் செங்கல்தேரி, நாலுமுக்குப் பக்கம் நாள்கணக்கில் மழை விடாது. அட்டைக்குப் புகையிலைத் தண்ணீரில் நனைத்த காலுறை. அதையும் மீறிக் கடிக்கும். மழை போனதும் தீ வரும்: பிப்ரவரிக்குள் தீத்தடுப்புக் கோடு வெட்டி முடிக்காவிட்டால் புல்வெளியில் பிடிக்கும் நெருப்பைத் தழைக்கொப்பால் அடித்து அணைக்க வேண்டியிருக்கும்.

ஆண்டின் கடினமான வாரம் எது என்று கேட்டால் பலரும் புலியைச் சொல்லமாட்டார்கள், ஆடி அமாவாசையைச் சொல்வார்கள். காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு லட்சக்கணக்கானோர் வந்து, பலர் ஆற்றங்கரையில் குடிலிட்டு நாள்கணக்கில் தங்குவார்கள். பாபநாசம் சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக்கைத் தேடிப் பைகளைத் திறக்கச் சொல்வது முதல், விழா முடிந்தபின் வந்தவர்கள் விட்டுச்சென்ற துணிகளை ஆற்றிலிருந்து வாருவது வரை பணி நீளும். சாமி பார்க்க வருபவரைத் தடுக்கும் கார்டுக்கு நல்ல பெயர் கிடைக்காது. அவரும் அய்யனாரைக் கும்பிடுகிறவர்தான்.

2023 ஜூனில் இன்னொரு வகை வேலை வந்து சேர்ந்தது. கேரளத்தின் சின்னக்கானலிலிருந்து பெரியாறு காட்டுக்கு மாற்றப்பட்டு, அங்கிருந்து கம்பம் ஊருக்குள் புகுந்த அரிக்கொம்பன் யானையை மேல் கோதையாறு காட்டில் கொண்டுவந்து விட்டார்கள். அதன் கழுத்தில் கட்டிய பட்டையிலிருந்து வந்த சமிக்ஞையை அலுவலகத்தில் பார்த்தார்கள். களத்தில் இருப்பவர்கள் நடந்தே பின்தொடர்ந்தார்கள். அரிசிக்குப் பேர்போன அந்த யானை அதே ஆண்டு செப்டம்பரில் தோட்டக் குடியிருப்புகளை எட்டிப் பார்த்தபோது மலையில் இருந்த ஊழியர் எவருக்கும் தூக்கமில்லை.

குத்தகை நிலம் உள்ளிட்ட சிங்கம்பட்டிக் காடு 2018-இல் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. குத்தகை 2028-இல் முடிகிறது. அதற்கு முன்பே 2024-இல் நிறுவனம் தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு அறிவித்துத் தோட்டத்தை விட்டுப் போகத் தொடங்கியது. தலைமுறைகளாக அங்கே வாழ்ந்தவர்களின் எதிர்காலம் நீதிமன்றத்துக்குப் போனது. ஆளில்லாத தேயிலைச் சரிவுகளை மறுபடி காடாக்கும் பொறுப்பு வனத்துறைக்கு வருகிறது. களையெடுத்து, நாற்று நட்டு, தீயிலிருந்து காக்கும் இந்த வேலைக்குத் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர்களை அமர்த்துவார்களா என்ற கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.