சுரத்தை எழுதிய வரலாறு

தில்லி, மும்பை, கொல்கத்தா முதலிய நகரங்களில் வாழும் நம் பிள்ளைகள் பலர், வாரத்தில் ஓரிரு நாட்களே பாட்டாசிரியரிடம் பயில்கின்றனர். மற்ற நாட்களில் சுரம் எழுதிய ஏடுதான் அவர்களுக்குத் துணை. அதைப் படிக்க அறியாத பிள்ளை, கற்ற பாடத்தை அடுத்த வாரத்திற்குள் மறந்துவிடுகிறது. இவ்வாறு எழுதிக் கற்பது நம் மரபன்று என்று கருதுவோர் உண்டு. வரலாறு வேறு விதமாகக் கூறுகிறது.

புதுக்கோட்டையை அடுத்த குடுமியான்மலையில், ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் இசைக் கல்வெட்டு ஒன்று உள்ளது. கிரந்த எழுத்தில், ஏழு பகுதிகளாக, நான்கு நான்கு சுரங்களாக அது பொறிக்கப்பட்டுள்ளது. ருத்ராசாரியரின் சீடனான மன்னன் ஒருவன் மாணாக்கரின் நன்மைக்காக இவற்றை இயற்றினான் என்று அதன் இறுதியில் காண்கிறோம். அவன் மகேந்திரவர்ம பல்லவனே என்பாரும் உளர்; மறுப்பாரும் உளர். ஆனால், அச்சுரங்களை அன்று பாடியவாறே இன்று பாடிக்காட்ட வல்லார் எவருமிலர். எழுத்து நின்றது; பாடும் மரபு அறுந்துபோயிற்று.

பல நூற்றாண்டுகளுக்குப் பின், 1904-இல், எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் தெலுங்கு எழுத்தில் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யை வெளியிட்டார். நம் கீர்த்தனைகளை ஐரோப்பிய முறையில் எழுதிவந்த சின்னசாமி முதலியாரின் தூண்டுதல் அதற்கு ஒரு காரணம். சுரத்தின் அசைவுகளாகிய கமகங்களுக்கும் தனித்தனிக் குறிகளைத் தீட்சிதர் அமைத்தார். அதே ஆண்டில் தென்னாட்டில் பயணம் செய்த பாத்கண்டே, எட்டயபுரத்தில் அவரைச் சந்தித்தார். வடநாட்டில் இன்று பெரிதும் வழங்கும் சுரக்குறி முறை பாத்கண்டே வகுத்ததே.

இரு முறைகளிலும் மேற்புள்ளி தார ஸ்தாயியையும், கீழ்ப்புள்ளி மந்தர ஸ்தாயியையும் குறிக்கும். கோடுகளின் பொருளோ வேறு. நம் ஏடுகளில் சுரங்களின் மேல் இட்ட கோடு, வேகம் இரட்டிப்பதைக் காட்டும். பாத்கண்டே முறையில் சுரத்தின் கீழ்க்கோடு, அது கோமள சுரம் என்பதைக் காட்டும். இரண்டையும் பயிலும் பிள்ளைக்கு இவ்வேறுபாட்டை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

தொடக்க மாணவருக்கு முதல் நாளே ஏட்டை விரித்துவைத்தல் தகாது. சரளி வரிசை ஒன்றைக் கையால் தாளமிட்டுப் பாடவைத்து, செவியில் பதிந்தபின் அதையே எழுத்தில் காட்டுக. 'ஸ' என்ற குறில் ஓர் அட்சரம், 'ஸா' என்ற நெடில் இரண்டு, காற்புள்ளி ஓர் அட்சர நீட்டம் என்பன அப்போது எளிதில் விளங்கும். பிறகு, பிள்ளை தான் பாடியதைத் தானே எழுதிப் பார்க்கட்டும்.

குடுமியான்மலை நமக்குக் கற்பிக்கும் பாடம் இதுவே: ஏடு நினைவைக் காக்கும், ஏட்டைக் காப்பது பாடும் வாய். நெடுந்தொலைவில் வாழும் நம் பிள்ளைகளுக்கு இரண்டும் வேண்டும்.