சுமை, சூடு, காற்று: எக்ஸ்ப்ளோரர் டயர்களின் வரலாறு

1990ஆம் ஆண்டு அமெரிக்கச் சந்தைக்கு வந்த ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் பார்வைக்குக் குடும்ப வண்டி, உடம்பால் லாரி. ரேஞ்சர் என்ற பிக்கப் வண்டியை அடிப்படையாகக் கொண்டு, குடும்பம் உட்காரும் கூண்டை அதன் மேல் ஏற்றி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துப்போகும் வண்டியாக அதை விற்றார்கள். விற்பனை குவிந்தது. உயரமாக உட்கார்ந்து, சாமான்களை அள்ளிப் போட்டுக்கொண்டு, ஊர் ஊராகப் போகலாம் என்ற ஆசையை நடுத்தரக் குடும்பங்களுக்குள் விதைத்ததில் அந்த வண்டிக்குப் பெரிய பங்கு உண்டு. இன்று நம் தெருக்களில் நிற்கும் கிராஸ்ஓவர்கள் அந்த ஆசையின் வாரிசுகள். அதே எக்ஸ்ப்ளோரரின் டயர்கள்தான் பத்தே ஆண்டுகளில் அமெரிக்காவின் மிகப் பெரிய வாகனப் பாதுகாப்பு விவகாரங்களில் ஒன்றாக வெடித்தன. அந்த வரலாற்றை ஊன்றிப் படித்தால் ஒன்று தெளிவாகிறது: குடும்ப எஸ்யூவிக்கு மாற்று டயர் வாங்குவது, சுமையையும் சூட்டையும் தாங்க எவ்வளவு கையிருப்பு வைத்துக்கொள்கிறோம் என்ற கணக்கு. கம்பெனியின் பெயரும் தரையைத் தொடும் பட்டனின் அழகும் விலையும் அதற்குப் பின்னால்தான் வர வேண்டும்.

கதை காற்றழுத்தத்தில் தொடங்குகிறது. வண்டி சந்தைக்கு வருமுன் நடந்த சோதனைகளில், கூர்மையாகத் திருப்பும்போது முன்மாதிரி வண்டியின் சக்கரங்கள் தரையை விட்டு எழும்பின. உயரமான வண்டி, குறுகிய அகலம். கவிழும் ஆபத்து அதன் பிறவிக் குணம். அதற்குப் பரிசீலிக்கப்பட்ட வழிகளில் ஒன்று டயரில் காற்றைக் குறைப்பது. கடைசியில் எக்ஸ்ப்ளோரருக்கு ஃபோர்டு பரிந்துரைத்த அழுத்தம் 26 பி.எஸ்.ஐ., அதாவது சதுர அங்குலத்துக்கு 26 பவுண்டு. பயணம் மென்மையாக இருக்கும் என்பதும் அதற்குச் சொல்லப்பட்ட காரணம். டயர் நிறுவனமான ஃபயர்ஸ்டோன் பின்னாளில் 30 வேண்டும் என்றது. நான்கு பவுண்டு வித்தியாசம் அற்பமாகத் தெரியலாம். ஆனால் ஒரு டயர் எவ்வளவு எடை தாங்கும் என்பதை ரப்பரைவிட அதற்குள் இருக்கும் காற்றுதான் தீர்மானிக்கிறது. காற்று குறையக் குறையத் தாங்கும் எடை குறைகிறது, பக்கச்சுவர் அதிகம் வளைகிறது, வளைவு சூடாகிறது. கார் வகை டயரை எஸ்யூவியில் மாட்டினால் அதன் சுமைத் திறனை 1.1ஆல் வகுத்துக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று அமெரிக்க விதியே சொல்கிறது. அப்படிக் குறைத்த கணக்கில் காற்றையும் குறைத்தால் மிஞ்சும் கையிருப்பு மிகக் கொஞ்சம்.

சூடு என்ன செய்யும் என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். ரேடியல் டயரின் தரை தொடும் பகுதிக்கு அடியில் இரண்டு எஃகுக் கம்பிப் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. அவற்றின் ஓரத்தில் கம்பிகள் வெட்டப்பட்ட முனைகளாக நிற்கும். அந்த முனைகளைச் சுற்றியுள்ள ரப்பர்தான் டயரிலேயே அதிகம் அலைக்கழிக்கப்படும் இடம். ஒவ்வொரு சுற்றிலும் அது நெரிபட்டு விடுபடுகிறது. சூடும் ஆக்சிஜனும் சேர்ந்து அந்த ரப்பரை இறுக்கி, உடையும் தன்மைக்குக் கொண்டுவருகின்றன. மயிரிழை விரிசல் ஒன்று ஓரத்தில் பிறந்து, இரண்டு பட்டைகளுக்கும் நடுவே உள்நோக்கிப் பரவுகிறது. வெளியே பார்த்தால் பட்டன் நன்றாக இருக்கும், காற்றும் இறங்கியிருக்காது. ஒருநாள் நெடுஞ்சாலை வேகத்தில் மேல் பட்டை முழுவதும் உரிந்து பறக்கும். எக்ஸ்ப்ளோரரின் பின்சக்கரத்தில் அது நடந்தபோது வண்டி தறிகெட்டுச் சுழன்று கவிழ்ந்தது. விபத்துகள் டெக்சாஸ், அரிசோனா, ஃப்ளோரிடா போன்ற வெப்ப மாநிலங்களில் குவிந்ததும், வளைகுடா நாடுகளிலும் வெனிசுவேலாவிலும் புகார்கள் எழுந்ததும் தற்செயல் இல்லை.

என்னை மிகவும் உறுத்துவது, எச்சரிக்கை டயரிலேயே எழுதியிருந்தது என்பதுதான். அமெரிக்காவில் விற்கும் கார் டயரின் பக்கச்சுவரில் வெப்பம் தாங்கும் தரத்தை ஏ, பி, சி என்று அச்சிட வேண்டும். சி என்பது சட்டம் அனுமதிக்கும் கடைசிப் படி. எக்ஸ்ப்ளோரரின் ஃபயர்ஸ்டோன் டயர்களில் இருந்தது சி. வாங்கியவர்களில் அதைக் குனிந்து படித்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? படிக்க வேண்டியவர்களும் படிக்கவில்லை. 1998இலேயே ஸ்டேட் ஃபார்ம் காப்பீட்டு நிறுவனத்தின் ஆய்வாளர் ஒருவர், ஒரே வகை டயர் உரிந்த 21 சம்பவங்களைத் தொகுத்து அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்புக்கு அனுப்பினார். அது கிடப்பில் போனது. 2000 பிப்ரவரியில் ஹூஸ்டன் தொலைக்காட்சி ஒன்று விஷயத்தை உடைத்த பிறகு, மே மாதம் விசாரணை தொடங்கியது. ஆகஸ்ட் 9 அன்று ஃபயர்ஸ்டோன் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. மாற்று டயருக்கு ஏற்பட்ட தட்டுப்பாட்டில், புது வண்டிக்கு வைத்திருந்த டயர்களைக் கொடுக்க ஃபோர்டு மூன்று ஆலைகளையே சில வாரம் நிறுத்தியது. உரிந்த டயர்களோடு தொடர்புபடுத்தி அமெரிக்காவில் பதிவான சாவுகள் 271.

தவறு ஓட்டியவர்கள் மீதுதான், காற்றைப் பார்க்காமல் சாமானை ஏற்றிக்கொண்டு கோடை வெயிலில் விரட்டினார்கள் என்று ஒரு வாதம் அப்போதே எழுந்தது. அதில் உண்மை உண்டு; ஃபயர்ஸ்டோன் அமர்த்திய பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் சஞ்சய் கோவிந்த்ஜியின் ஆய்வும் சுமை, காற்றழுத்தம், வேகம், தட்பவெப்பம் எல்லாவற்றையும் காரணங்களாகச் சேர்த்தது. ஆனால் விடுமுறையில் குடும்பம் முழுவதும் ஏறிக்கொண்டு, டிக்கி நிறையப் பெட்டிகளோடு, வெயிலில் நெடுஞ்சாலையில் போவதற்குத்தானே அந்த வண்டியையே விற்றார்கள்? அந்தப் பயன்பாட்டைத் தாங்காத டயர் அந்த வண்டிக்கு உரிய டயரே ஆகாது. டயரில் குறையில்லை, கவிழும் வண்டிதான் குற்றவாளி என்பது ஃபயர்ஸ்டோன் வைத்த எதிர்வாதம். எக்ஸ்ப்ளோரரை விசாரிக்கச் சொல்லி அது கொடுத்த மனுவை 2002இல் அரசு நிராகரித்தது: டயர் உரிந்த பிறகு மற்ற எஸ்யூவிகளைவிட எக்ஸ்ப்ளோரர் மோசமாக நடந்துகொள்ளவில்லை என்பது முடிவு. அதைவிட வலுவான சாட்சி வேறொன்று. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு பகுதி எக்ஸ்ப்ளோரர்கள் குட்இயர் டயர்களோடு வெளிவந்தன. அதே வண்டி, அதே 26 பவுண்டு, அதே அமெரிக்கக் குடும்பங்கள். உரிந்ததாக வந்த புகார்கள் மட்டும் மிகச் சொற்பம். காற்றைக் குறைத்தது தவறு என்றே நான் கருதுகிறேன். ஆனாலும் கையிருப்புள்ள டயர் அந்தத் தவறைக்கூடப் பொறுத்துக்கொண்டது.

டயர்களைத் திரும்பப் பெறும் அறிவிப்புக்குப் பின் சட்டம் ஓடி வந்தது. 2000 நவம்பரில் டிரெட் என்ற வாகனப் பாதுகாப்புச் சட்டம் கையெழுத்தானது. 1960களில், ரேடியல் அமெரிக்காவில் பரவுமுன் எழுதிய டயர் சோதனை விதிகள் திருத்தப்பட்டன. காற்று குறைந்தால் விளக்கெரியும் கருவி 2007 செப்டம்பர் முதல் அங்கே எல்லாப் புதுக் கார்களுக்கும் கட்டாயமானது. இந்தச் சட்டத்தால் அல்லாமல் தனியாகவே, டயரில் அச்சிடும் தயாரிப்புத் தேதி 2000இலிருந்து நான்கு இலக்கமாகியிருந்தது: 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். அதற்கு முன் மூன்று இலக்கந்தான். 238 என்பது 1988ஆ 1998ஆ என்று பார்த்தவுடன் சொல்ல முடியாது. 2005இல் ஃபோர்டு நிறுவனமே, பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும் ஆறு ஆண்டுகளில் டயரை மாற்றச் சொல்லிப் பரிந்துரைத்தது. ஒருநாளும் தரையில் உருளாத ஸ்டெப்னிக்கும் வயதாகிறது என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

இதெல்லாம் பழைய கதை, இன்றைய கிராஸ்ஓவர் காரின் அடித்தளத்தில் கட்டப்பட்டது, சறுக்கினால் பிடித்து நிறுத்தும் மின்னணுவியலும் எச்சரிக்கை விளக்கும் இருக்கின்றனவே என்று கேட்கலாம். வண்டி பாதுகாப்பாகியிருப்பது உண்மைதான். ஆனால் அமெரிக்க விதிப்படி அந்த விளக்கு பரிந்துரைத்த அழுத்தத்தில் 25 சதவீதம் இறங்கிய பிறகு எரிந்தால் போதும். 36 வைக்க வேண்டிய டயர் 27க்கு வரும்வரை அது மௌனமாக இருக்கலாம். கடையில் சுமைக் குறியீடு குறைந்த டயரை மாட்டினால் எந்த விளக்கும் எரியாது. 96 என்ற குறியீடு ஒரு டயருக்கு 710 கிலோ, 92 என்றால் 630 கிலோ. நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து இழப்பது 320 கிலோ, கிட்டத்தட்ட ஐந்து பேரின் எடை. அழகுக்காகப் பெரிய அலாய் வீலும் மெலிந்த டயரும் போடும் இடங்களில் இந்த இழப்பு சத்தமில்லாமல் நடக்கிறது. சித்திரை வெயிலில் கரூரையும் வேலூரையும் கடந்து போகும் நம் சாலைகளின் சூடு டெக்சாஸுக்குக் குறைந்ததல்ல.

அடுத்த முறை டயர் கடைக்குப் போகுமுன் ஓட்டுநர் கதவைத் திறந்து, தூணில் ஒட்டியிருக்கும் தாளில் உள்ள டயர் அளவையும் காற்றழுத்தத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். சுமைக் குறியீட்டை வண்டியோடு வந்த டயரின் பக்கச்சுவரிலோ கையேட்டிலோ பாருங்கள். புது டயரின் சுமைக் குறியீடு அதற்குக் குறையாமல் இருக்கட்டும். நான்கு இலக்கத் தேதியைப் பார்க்காமல் பில் போடச் சொல்லாதீர்கள். பழசான சரக்கென்றால், தள்ளுபடி எவ்வளவு கொடுத்தாலும் வேறு டயர் கேளுங்கள்.