வீட்டோ: சாசனத்தில் இல்லாத சொல்

'வீட்டோ' என்றதும் தமிழ் நாளிதழ் வாசகருக்கு ஐ.நா. பாதுகாப்புச் சபைதான் நினைவுக்கு வரும். ஐந்து நாடுகளில் ஒன்று எதிர்த்தாலும் தீர்மானம் விழுந்துவிடும். ஆனால் ஐ.நா. சாசனத்தில் அந்தச் சொல் கிடையாது. அமெரிக்க அரசியல் சாசனத்திலும் கிடையாது. மசோதாவை மறுக்கும் அதிபரின் அதிகாரத்தை உலகமே வீட்டோ என்று அழைக்க, 1787-இல் அந்தச் சாசனத்தை எழுதியவர்கள் வேறு சொல்லைத் தேர்ந்தார்கள்.

லத்தீனில் 'வீட்டோ' பெயர்ச்சொல் அன்று. 'தடுக்கிறேன்' என்னும் வினைமுற்று. தமிழில் போலவே 'நான்' விகுதிக்குள் அடங்கிவிடும். ரோமில் சாமானியரின் காவலர்களாக இருந்த ட்ரிப்யூன்கள் காரணம் சொல்லாமலே தடுக்கலாம். கி.மு. 133-இல் திபேரியஸ் கிராக்கஸ் கொண்டுவந்த நிலச் சட்டத்தைச் சக ட்ரிப்யூன் ஆக்டேவியஸ் தடுத்தார். அவரைப் பதவியிலிருந்து இறக்கிய பிறகே சட்டம் நிறைவேறியது. பின்னாளில் போலந்து நாடாளுமன்றத்தில் ஒரே ஓர் உறுப்பினரின் எதிர்ப்பு கூட்டத்தொடரையே கலைக்கும் அளவுக்கு இந்த உரிமை வளர்ந்தது.

இங்கிலாந்தில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய மசோதாவுக்குக் கடைசியாக ஒப்புதல் மறுத்தவர் ஆன் அரசி, ஆண்டு 1708. ஆனால் அமெரிக்கக் குடியேற்றங்களின் சட்டங்களை அரசர் மறுப்பது அதன் பிறகும் தொடர்ந்தது. 1776-இன் சுதந்திரப் பிரகடனம் அடுக்கும் குறைகளில் முதலாவது அதுதான்.

அந்தக் காயம் ஆறுவதற்குள் தங்கள் தலைவருக்கே அதே அதிகாரம் கொடுப்பதா? சாசனத்தை எழுதிய பிலடெல்பியா மாநாட்டில் 1787 ஜூன் 4 அன்று ஜேம்ஸ் வில்சனும் ஹாமில்டனும் முழு மறுப்பதிகாரம் கேட்டார்கள். எண்பதைத் தாண்டிய பிராங்க்ளின் மறுத்துப் பேசினார். பென்சில்வேனியாவில் அவர் கண்ணால் கண்ட கதை இது: ஆளுநரிடம் தனிப்பேரம் பேசாமல் ஒரு நல்ல சட்டமும் தேறாது. கையெழுத்துக்குப் போகும் மசோதாவோடு கருவூலப் பண ஆணையும் சேர்ந்தே போகும். பணம் கைக்கு வந்த பிறகுதான் பேனா நகரும். எல்லையில் மக்கள் செத்துக்கொண்டிருந்தபோதும், தம் நிலத்துக்கு வரிவிலக்கு கிடைக்கும்வரை பாதுகாப்புச் சட்டத்துக்கு ஆளுநர் இசையவில்லை. வாக்கெடுப்பில் முழு மறுப்பதிகாரத்தை எந்த மாநிலமும் ஆதரிக்கவில்லை.

மாநாட்டுப் பேச்சில் அடிபட்ட சொல் 'நெகட்டிவ்'. முதலாம் பிரிவின் ஏழாம் கூறில் அதுவும் மறைந்து, 'ஆட்சேபங்கள்' என்ற சொல்லே நின்றது. ஏற்காத மசோதாவை அதிபர் தம் ஆட்சேபங்களோடு, அது பிறந்த அவைக்கே திருப்பி அனுப்ப வேண்டும். அந்த அவை அவற்றை முழுமையாகத் தன் குறிப்பேட்டில் பதிய வேண்டும். பிறகு மறுபரிசீலனை. இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கினர் மீண்டும் ஆதரித்தால் அதிபரின் கையெழுத்தே தேவையில்லை. யார் எப்பக்கம் வாக்களித்தார் என்பதும் பெயரோடு பதிவாகும். ரோமானியர் 'தடுக்கிறேன்' என்றார்கள். இது 'காரணம் இதோ, மறுபடி யோசியுங்கள்' என்கிறது. அமெரிக்க ஆட்சிமுறையின் ஆகச் சிறந்த யோசனைகளுள் ஒன்றாக இதைத்தான் நான் மதிக்கிறேன்.

முதல் முறை அந்த அதிகாரத்தைப் பயன்படுத்த முதல் அதிபர் வாஷிங்டன் மிகவும் தயங்கினார். பிரதிநிதிகள் சபை இடங்களை மாநிலங்களுக்குப் பங்கிடும் மசோதா அது. எட்டு மாநிலங்களுக்கு, முப்பதாயிரம் பேருக்கு ஒருவர் என்ற சாசன வரம்பைத் தாண்டி இடம் தந்திருந்தது. அமைச்சர்கள் இரண்டுக்கு இரண்டாகப் பிரிந்து நின்றார்கள். கெடு முடியும் தறுவாயில், ஒரு நாள் காலை உணவுக்கு முன்பே அவர்களில் ஒருவரான ஜெஃபர்சனைத் தேடிப் போய்ப் பேசிவிட்டுத்தான் முடிவெடுத்தார். 1792 ஏப்ரல் 5 தேதியிட்ட மடலில் இருந்தவை இரண்டே ஆட்சேபங்கள். சபையில் மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கவில்லை. வேறு கணக்கில் புது மசோதா வந்தது.

கெடு என்றேன், ஞாயிறு நீங்கலாகப் பத்து நாள். அதற்குள் திருப்பாவிட்டால், கையெழுத்து இல்லாமலே மசோதா சட்டமாகிவிடும். இடையில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் கூட்டம் கலைந்து, திருப்ப இடமில்லாமல் போனால் மட்டும் மசோதா மாயும். சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்வதைச் சொல்லும் 'பாக்கெட் வீட்டோ' என்ற பெயர் இந்த விதிவிலக்குக்கு வந்தது. இந்தியாவுக்கு வந்தபோது பெயரின் பொருள் அகன்றுவிட்டது. நம் சாசனத்தின் 111-ஆவது பிரிவு குடியரசுத் தலைவருக்கு நாள்கணக்கு எதுவும் விதிக்கவில்லை. 1986-இன் அஞ்சலக மசோதாவை ஜெயில் சிங் கையெழுத்திடாமல், திருப்பாமல் வைத்திருந்ததை நாம் அதே பெயரால் குறிக்கிறோம்.

அமெரிக்க அதிபர்கள் இதுவரை 2,500-க்கும் மேற்பட்ட மசோதாக்களை மறுத்திருக்கிறார்கள். பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் மட்டும் 635. காங்கிரஸ் மீறி நிறைவேற்றியவை நூற்றுப் பத்துக்குச் சற்று மேல்; அவற்றில் முதலாவது 1845-இல், ஜான் டைலர் பதவியின் கடைசி நாளுக்கு முந்தைய நாள். அதிபரின் கை இவ்வளவு ஓங்கியிருந்தும், 1996-இல் காங்கிரஸே இன்னொரு படி போய் 'வரிவாரி வீட்டோ' சட்டம் இயற்றியது: கையெழுத்திட்ட சட்டத்திலிருந்து தமக்கு ஒவ்வாத செலவினங்களை மட்டும் அதிபர் நீக்கலாம். கிளின்டன் அதைப் பயன்படுத்தவும் செய்தார். 1998-இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. மசோதாவை முழுதாக ஏற்கலாம், அல்லது ஆட்சேபங்களோடு முழுதாகத் திருப்பலாம்; நடுவில் வெட்டி எடுக்கும் அதிகாரத்தை ஏழாம் கூறு யாருக்கும் தரவில்லை.