மரண அறிவித்தலில் எத்தனை நிமிடம்?

யாழ்ப்பாணத்து இணையத்தளங்களில் ஆட்கள் வரி தவறாமல் வாசிக்கிற பக்கம் மரண அறிவித்தல். வேலணையைப் பிறப்பிடமாகவும் ரொறன்ரோவை வதிவிடமாகவும் கொண்டவர் என்று தொடங்கி, பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் வழியாகத் தொலைபேசி இலக்கங்களில் வந்து முடியும். வாசித்தவர் எவ்வளவு நேரம் நின்றார் என்று வருகைகளை அளக்கும் கூகிள் அனலிட்டிக்ஸைக் கேட்டால், பழைய பதிப்பு ஒன்று சொன்னது, புதியது வேறொன்று சொல்கிறது.

பழையது பக்கங்கள் திறந்த நேரத்தைக் குறித்துவைத்துக் கடைசியிலிருந்து முதலாவதைக் கழித்தது. 8.05க்கு முகப்பு, 8.07க்கு அறிவித்தல், 8.15க்கு மூடினார் என்றால் கணக்கில் ஏறியது இரண்டே நிமிடம். மூடியது அதற்குத் தெரியவில்லை. வட்ஸ்அப்பில் மச்சாள் அனுப்பிய லிங்க்கை அமத்தி நேரே வந்து, உறவுமுறை முழுவதையும் ஆறுதலாக வாசித்துவிட்டு, வேறு பக்கம் திறக்காமல் போனவருக்கோ பூச்சியம். அறிவித்தல்கள் கைமாறுவதே அப்படித்தான்! ஒரு செய்தியை மூன்றாக உடைத்து ‘மேலும் வாசிக்க’ போட்ட தளங்களுக்கு இந்தக் கணக்கு நல்ல வாய்ப்பாக இருந்தது.

2020இல் வந்த புதிய பதிப்பான ஜீஏ4, பக்கம் திரையில் முன்னுக்கு நிற்கிற நேரத்தையே எண்ணும். மேலே சொன்ன முதலாமவருக்குப் பத்து நிமிடமும் கிடைக்கும். லிங்க்கால் வந்தவரும் 10 விநாடி நின்றாலே ஈடுபாடுள்ள வருகையாகிவிடுவார். என் கணிப்பில் இதுதான் நேர்மையானது. ஆனாலும் கணினியைத் திறந்தபடி விட்டுத் தேத்தண்ணி போடப் போனால் அதற்கும் நேரம் ஓடும். மறுபுறம், வாசித்தவர் இலக்கத்தை அமத்தி வீட்டாரோடு அரைமணி நேரம் கதைத்தால், பக்கம் பின்னுக்குப் போய்க் கணக்கு நின்றுவிடும். அறிவித்தல் போட்டதே அந்த அழைப்புக்காகத்தானே?

இரண்டும் கைவிரிக்கிற இடமும் உண்டு. நூலகம் என்ற எண்ணிம நூலகத்தில் பழைய இதழொன்றின் பீடிஎஃப்பை இறக்கி, இரவிரவாக வாசிக்கிறவரை எடுத்துக்கொள்ளுங்கள். இப்படியான பதிவிறக்கத்தை ஜீஏ4 ஒரு நிகழ்வாகக் குறிக்கலாம். வாசித்த நேரம் எந்தப் பதிப்புக்கும் எட்டாது. அத்தகைய தளத்துக்குப் பதிவிறக்க எண்ணிக்கையே போதும்.

செய்தித் தளக்காரர் விளம்பரதாரருக்குக் காட்டும் வரைபடத்தில்தான் சிக்கல். பழைய பதிப்பு 2023 ஜூலை 1இலிருந்து புதிய தரவு எடுப்பதை நிறுத்தத் தொடங்கியது. அதற்கு முந்திய நிமிடங்களையும் ஜீஏ4 நிமிடங்களையும் ஒரே கோட்டில் இழுத்து ஏற்ற இறக்கம் பேசக்கூடாது. புதிய பதிப்புக்கு மாறிய நாளில் கோட்டை அறுத்துவிட்டு, புதிதாகத் தொடங்க வேண்டும்.